ஒடித்த தண்டைத் தண்ணீரில் போடுவதா, மண்ணில் நடுவதா?

மணி பிளான்ட் தண்டு ஒன்றைக் கண்ணாடி பாட்டிலில் போட்டு, ஐந்து மாதம் தண்ணீர் மாற்றி மாற்றி வளர்த்து, ஒரு முழத்துக்கு வேர் இறங்கியதைப் பார்த்துப் பூரித்துப்போய், தொட்டிக்கு மாற்றிய பத்தே நாளில் அதைச் சாகடித்த ஆள் நான். மணி பிளான்டைச் சாகடிக்கவும் ஒரு திறமை வேண்டும் என்று வீட்டில் இன்றைக்கும் கேலி செய்கிறார்கள். அப்போது மண்ணைத்தான் குறை சொன்னேன். பிறகு அதே மண்ணில், அதே கொடியிலிருந்து வெட்டிய இன்னொரு தண்டை வேரே இல்லாமல் நேராகக் குத்திவைத்தேன். அது ஒரு மாதத்தில் புது இலை விட்டது. வேரோடு போனது செத்துப்போக, வேரில்லாமல் போனது பிழைத்துக்கொண்டது. இந்த விஷயத்தில் எனக்கு ஆர்வம் வந்ததே அங்கேதான்.

அதிலிருந்து யார் கேட்டாலும் நான் முதலில் திருப்பிக் கேட்பது, வேர் வந்த பிறகு அந்தச் செடி எங்கே குடியிருக்கப்போகிறது என்பதைத்தான். கடைசிவரை பாட்டிலிலேயே இருக்கப்போகிறது என்றால் தண்ணீர், அதில் யோசிக்கவே வேண்டாம். தொட்டிக்குப் போகவேண்டிய செடி என்றால், பெரும்பாலானவற்றுக்குத் தண்ணீர் ஒரு சுற்றுவழி. சுற்றுவழியில் போவது தப்பில்லை, சில சமயம் அதுதான் பாதுகாப்பான வழியும்கூட. ஆனால் சுற்றுவழி என்று தெரிந்துகொண்டு போகவேண்டும்.

வீட்டில் செய்யக்கூடியவை மூன்று: தண்ணீரில் போடுவது, மண்கலவையில் நேராக நடுவது, இரண்டுக்கும் நடுவே ஈரமான பெர்லைட்டிலோ (வெள்ளைக் குருணை) ஸ்பேக்னம் மாஸிலோ (நார் நாரான காய்ந்த பாசி) வைப்பது.

தண்ணீரின் பெரிய பலம், நடப்பது கண்ணுக்குத் தெரியும். மண்ணில் தண்டு நட்டவர் யாராக இருந்தாலும் எட்டாம் நாள் ஒரு தடவை மெல்லப் பிடுங்கிப் பார்த்திருப்பார், இல்லை என்று சொன்னால் நம்பமாட்டேன். அப்போதுதான் அரும்பிய வேர் அந்தப் பிடுங்கலில்தான் ஒடிகிறது. பாட்டிலில் அந்தக் கை அரிப்புக்கு வேலையே இல்லை, கணுவில் வெள்ளையாக ஒரு முளை எட்டிப்பார்ப்பதைத் தினமும் காலையில் போய்ப் பார்த்துக்கொள்ளலாம். தப்பு நடந்தாலும் உடனே தெரிந்துவிடும். தண்டின் அடி பழுப்பாகி வழவழத்தால் அன்றைக்கே எடுத்து, அழுகலுக்கு மேலே நல்ல பச்சையில் வெட்டி, பாட்டிலைக் கழுவி மறுபடி ஆரம்பிக்கலாம். மண்ணுக்குள் அழுகினால் மேலே இலை தொங்கும்போதுதான் நமக்குத் தெரியவரும், அதற்குள் வெட்ட மிச்சம் இருக்காது.

பலவீனமும் அதே தண்ணீர்தான். வேருக்கும் மூச்சு உண்டு, ஆக்சிஜன் வேண்டும். 20 டிகிரி செல்சியஸில் ஒரு லிட்டர் தண்ணீர், காற்றிலிருந்து சுமார் 9 மில்லிகிராம் ஆக்சிஜனைத்தான் கரைத்து வைத்துக்கொள்ளும். 30 டிகிரியில் அது ஏழரைக்கு இறங்கிவிடுகிறது. ஒரு லிட்டர் காற்றிலோ 270 மில்லிகிராமுக்கு மேல் இருக்கிறது. அது போதாதென்று, ஆக்சிஜன் காற்றில் பரவுவதைவிடத் தண்ணீரில் ஏறக்குறைய பத்தாயிரம் மடங்கு மெதுவாகப் பரவுகிறது, அதனால் அசையாமல் நிற்கும் பாட்டிலில் வேரை ஒட்டியுள்ளது தீர்ந்துபோனால் மேலேயிருந்து புதிதாக வந்து சேர நேரம் பிடிக்கும். இந்தப் பஞ்சத்துக்குத் தகுந்தபடி செடி தன் வேரைக் கட்டிக்கொள்கிறது. உள்ளே காற்றறைகள் அதிகம், வெளியே வேர்த்தூவி குறைவு. மண்ணில் வேலை செய்வதோ அந்தத் தூவிதான், மண்துகள்களுக்கு இடையே புகுந்து ஈரத்தை இழுப்பது அது. ஆகவே பாட்டில் வேர் தொட்டிக்குப் போனால் ஒரு பகுதி வீணாகி, புது வேர் விட்டுத்தான் செடி தேறவேண்டியிருக்கிறது. அதுவரை மேலே இருக்கும் அத்தனை இலைகளுக்கும் தண்ணீர் கொடுக்க ஆளில்லை. என் மணி பிளான்டுக்கு அன்றைக்குப் பதினான்கு இலை. இவ்வளவு வேர் இருக்கிறதே, என்ன ஆகிவிடப்போகிறது என்று மண்ணைக் காயவிட்டு வேறு தண்ணீர் ஊற்றினேன்.

இதனால் தண்ணீரில் வேர் விட்டதை மண்ணுக்கு மாற்றவே கூடாது என்று அர்த்தமில்லை. சீக்கிரம் மாற்றவேண்டும், அவ்வளவுதான். வேர் மூன்று முதல் ஐந்து சென்டிமீட்டர் நீளம் வந்து, பக்கவேர் லேசாகத் தலைகாட்டியதும் மாற்றிவிடுங்கள். நீளமான வேர் என்பது பார்க்கத்தான் அழகு, நடும்போது மடங்கி ஒடியும். மாற்றிய முதல் இரண்டு வாரம் மண்ணை வழக்கத்தைவிட ஈரமாக வைத்து, வெயில் நேராகப் படாத இடத்தில், முடிந்தால் மேலே ஒரு பிளாஸ்டிக் பையைத் தளர்வாகக் கவிழ்த்து வையுங்கள். பாட்டில் தண்ணீரிலேயே தினம் ஒரு ஸ்பூன் மண் போட்டுப் பழக்கலாம் என்று ஒரு யோசனை சுற்றிக்கொண்டிருக்கிறது. செய்து பார்த்தேன், சேறுதான் ஆனது. தண்ணீரில் இருந்த கொஞ்சக் காற்றும் போய், மண்ணின் நன்மை ஒன்றும் வரவில்லை.

தண்ணீருக்கு இன்னொரு செலவு உண்டு, உங்கள் கவனம். நான்கைந்து நாளுக்கு ஒரு முறை முழுவதுமாக மாற்றவேண்டும், மேலாக ஊற்றி நிரப்புவது கணக்கில் சேராது. புதுத் தண்ணீர் என்றால் புது ஆக்சிஜன், அது ஒரு காரணம். கொசு இன்னொன்று, எனக்கு அதுதான் பெரிய காரணம். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசுவுக்குச் சாக்கடை தேவையில்லை, சுத்தமாகத் தேங்கிய தண்ணீர் போதும், வெதுவெதுப்பான சூழலில் முட்டை கொசுவாகி வெளியே வர ஒரு வாரத்திலிருந்து பத்து நாள். முட்டையை அது தண்ணீர் மட்டத்தை ஒட்டிப் பாத்திரத்தின் சுவரில் ஒட்டிவைக்கும், காய்ந்தாலும் அந்த முட்டை மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். அதனால் தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது, உள்சுவரைத் தேய்த்துக் கழுவவேண்டும். வாரம் ஒரு நாள் இதைச் செய்யமாட்டேன், மறந்துவிடுவேன் என்று உங்களைப் பற்றி உங்களுக்கே தெரிந்தால், தயவுசெய்து தண்ணீர் வழியை விட்டுவிடுங்கள். பத்து நாள் வெளியூர் போகிறவர்கள் தண்ணீர்தான் வசதி என்று நினைப்பார்கள், தண்டுக்கு வேண்டுமானால் வசதி. போகும் முன் பாட்டிலின் வாயைத் தண்டைச் சுற்றிப் பஞ்சு வைத்தோ துணி கட்டியோ அடைத்துவிட்டுப் போங்கள்.

பாசி பிடிப்பது அவ்வளவு பெரிய பிரச்சினை இல்லை. வெளிச்சம் படும் கண்ணாடியில் பச்சை படியத்தான் செய்யும், தண்டைக் கொல்லாது, ஆனால் பார்க்க அசிங்கம். பழுப்பு நிற பாட்டில் எடுத்தால் பாதி குறையும். குழாய்த் தண்ணீரில் குளோரின் இருக்கிறதே என்ற பயமும் கொஞ்சம் அதிகப்படி. குடிக்கத் தரும் தண்ணீரில் இருக்கும் அளவு தண்டை ஒன்றும் செய்வதில்லை, மனசு கேட்கவில்லை என்றால் ஒரு ராத்திரி அகலமான பாத்திரத்தில் திறந்து வைத்துவிட்டு ஊற்றுங்கள்.

மண்ணுக்கு வருவோம். இங்கே "மண்" என்று நான் சொல்வது தோட்டத்தில் வெட்டி எடுத்த மண்ணை இல்லை. அது சின்னத் தொட்டியில் இறுகிப்போய், கடைசியில் தண்ணீர் பாட்டிலைவிட மோசமாக மூச்சுத் திணறவைக்கும். கோகோபீட்டும் (தேங்காய் நார்த்தூள்) பெர்லைட்டும் சரிபாதி, அல்லது கோகோபீட்டும் பருமணலும். உரம் வேண்டாம், வேரே இல்லாத தண்டுக்கு உரம் எதற்கு? கோகோபீட்டை இரண்டு மூன்று தடவை தண்ணீரில் அலசிப் பிழிந்துவிட்டுப் பயன்படுத்துங்கள், தேங்காய் மட்டையின் உப்பு அதில் மிச்சம் இருக்கக்கூடும். இதில் வரும் வேர் முதலிலிருந்தே இந்தச் சூழலுக்குக் கட்டப்பட்ட வேர், தூவியோடு வரும், மாற்றும்போது திடுக்கிடாது. மணி பிளான்ட் கதையில் இரண்டாவது தண்டு பிழைத்ததன் ரகசியம் இவ்வளவுதான்.

ஆனால் மண்வழியில் ஏமாறுவது சுலபம். தண்டு புது இலை விட்டதும் வேர் பிடித்துவிட்டது என்று முடிவு கட்டி, ஈரம் போகாமலிருக்கத் தண்டின் மேல் மூடியிருந்த பையை எடுத்துவிடுவோம். தண்டில் சேமித்து வைத்திருந்ததை வைத்தே வேர் இல்லாமலும் ஓரிரண்டு இலை தளிர்க்கும், செம்பருத்தியும் ரோஜாவும் இந்த நாடகத்தை நன்றாக ஆடும். பதினைந்தாம் நாள் தளதளவென்று இருக்கும், இருபத்தைந்தாம் நாள் கருகிவிடும். (ஆரம்பத்தில் சொன்ன இரண்டாவது மணி பிளான்ட் தண்டிலும் இலையை நம்பவில்லை. அடித்துளையில் வேர் நுனி தெரிந்த பிறகுதான் நிம்மதி.) பிடுங்காமல் தெரிந்துகொள்ள ஒரு வழி, விரலால் மிக லேசாக மேலே இழுத்தால் எதிர்ப்பு இருக்கிறதா என்று பார்ப்பது. இல்லையென்றால் ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் கப்பில் நடுவது.

அந்தக் கப்புதான் என்னை மூன்றாவது வழிக்குக் கொண்டுபோனது. பெர்லைட் என்பது எரிமலைக் கண்ணாடிப் பாறையைச் சுமார் 900 டிகிரி சூட்டில் பொரியவைத்த வெள்ளைக் குருணை, கிருமி இல்லாதது, இடுக்குகளில் காற்று நிறைய நிற்கும். ஓட்டை இல்லாத ஒளி ஊடுருவும் கப்பில் இதை நிரப்பி, அடியில் இரண்டு விரல்கடை அளவு தண்ணீர் விட்டு, தண்டின் கணு அந்தத் தண்ணீர் மட்டத்துக்கு மேலே இருக்கும்படி செருகிவைத்தால், ஈரம் மேலே ஏறிக்கொண்டே இருக்கும், காற்றும் குறையாது, வேரும் கப்பின் சுவரோரமாகக் கண்ணுக்குத் தெரியும். எடுக்கும்போது குருணை தானாக உதிர்ந்துவிடும். பெர்லைட் பையைப் பிரிக்கும்போது மட்டும் தண்ணீர் தெளித்து நனைத்துக்கொள்ளுங்கள், அந்தத் தூசி மூச்சில் போவது நல்லதில்லை. ஸ்பேக்னம் மாஸும் இதே வேலையைச் செய்யும், பிழிந்தால் ஒரு சொட்டு இரண்டு சொட்டு வரும் அளவு ஈரம், மூடிபோட்ட டப்பா. எனக்கு அது பிடிக்கவில்லை, வேர் நாருக்குள் பின்னிக்கொண்டு பிரிக்கும்போது அறுந்துவிடுகிறது, பிரிக்காமல் அப்படியே நட்டால் அந்த உருண்டை மட்டும் தொட்டிக்குள் நெடுநாள் ஈரமாகவே கிடக்கிறது. மாஸ்தான் சிறந்தது என்று சத்தியம் செய்பவர்களும் இருக்கிறார்கள், அவர்களுக்குப் பொறுமை அதிகம்.

எந்தச் செடிக்கு எது என்று கேட்டால், முதலில் கணுவைப் பாருங்கள். மணி பிளான்ட், ஃபிலோடென்ட்ரான், சிங்கோனியம், மான்ஸ்டெரா மாதிரியான கொடிகளில் கணுவிலேயே காற்றுவேரின் முளை தயாராக இருக்கும், ஈரம் பட்டால் கிளம்பிவிடும், அதனால் இவை எதில் வைத்தாலும் வரும். மணி பிளான்டுக்குத் தண்ணீரில் ஒன்றிலிருந்து மூன்று வாரம், மான்ஸ்டெராவுக்குக் கொஞ்சம் கூடுதல். இவற்றில் தண்ணீரைத் தேர்ந்தெடுப்பது உங்கள் ஆசை. மான்ஸ்டெரா தண்டு மட்டும் கனமானது, இலையும் பெரிது, ஒன்றே ஒன்றுதான் கையில் இருக்கிறது என்றால் நான் தண்ணீரில்தான் போடுவேன். அழுகல் ஆரம்பித்தால் அன்றே தெரியவேண்டும், அதற்காகத்தான். சுற்றுவழி பாதுகாப்பு என்று மேலே சொன்னது இந்த மாதிரி இடத்தில்.

கோலியஸ், டிரடஸ்கான்ஷியா, புதினா இவற்றைத் தண்ணீரில் போட்டு வளர்ப்பது பொழுதுபோக்கு, அவ்வளவே. மண்ணில் குத்தினாலே வந்துவிடும் செடிக்கு எதற்கு இரண்டு வேலை?

சதைப்பற்றுள்ளவை வேறு ஜாதி. ஜேட், கள்ளி, எச்சிவேரியா எதுவாக இருந்தாலும் வெட்டிய காயம் முதலில் ஆறவேண்டும், நிழலில் மூன்று நாளிலிருந்து ஒரு வாரம் சும்மா போட்டுவைத்து, அப்புறம் வறண்ட கலவையில் நடுங்கள். தண்ணீரில் இவையும் சில சமயம் வேர் விடும்தான், ஆனால் அழுகும் வாய்ப்பை எதற்கு விலைக்கு வாங்கவேண்டும். ஸ்நேக் பிளான்ட் இலைத்துண்டு தண்ணீரில் வேர் விடுவதைப் பலரும் ஆசையாகக் காட்டுவார்கள், மாதக்கணக்கு ஆகும் என்பதைச் சொல்லமாட்டார்கள். இன்னொன்றையும் சொல்லமாட்டார்கள்: மஞ்சள் ஓரம் போட்ட ரகத்தின் இலைத்துண்டிலிருந்து வரும் குட்டிக்கு அந்த மஞ்சள் வராது, வெறும் பச்சையாகத்தான் வரும். அந்த நிறம் வேண்டுமென்றால் கிழங்கோடு பிரித்து நடுவது ஒன்றே வழி.

கணு இல்லாமல் காம்போடு கிள்ளிய ஒற்றை மணி பிளான்ட் இலையும் இப்படித்தான். வேர் விடும், வருடக்கணக்கில் பச்சையாக நிற்கும், ஆனால் தளிர் வரவே வராது. தண்ணீரோ மண்ணோ, எந்த வழியும் அதைக் காப்பாற்றாது, ஏனென்றால் மொட்டு இருப்பது கணுவில்தான். வெட்டும்போது கணுவுக்கு அரை சென்டிமீட்டர் கீழே வெட்டுங்கள், பத்துப் பதினைந்து சென்டிமீட்டர் துண்டு போதும், தண்ணீருக்குள் போகும் இலைகளைக் கிள்ளிவிடுங்கள், ஒன்று அல்லது இரண்டு கணு மூழ்கினால் போதும். மணி பிளான்ட், டைஃபன்பாக்கியா வகையறாவின் சாற்றில் கால்சியம் ஆக்சலேட் ஊசிப்படிகங்கள் இருக்கின்றன, வெட்டியதும் கையைக் கழுவுங்கள், குழந்தையோ பூனையோ வாயில் வைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கட்டைத்தண்டுக்காரர்களிடம்தான் தண்ணீர் தோற்றுப்போகிறது. செம்பருத்தி, காகிதப்பூ, குரோட்டன்ஸ், ரப்பர் செடி. தண்ணீரில் வராது என்று அடித்துச் சொல்லமுடியாது, ஆனால் வாரக்கணக்கில் காத்திருக்கும் நேரத்தில் அடி அழுகிவிடும். இங்கே வேர் ஊக்கிப் பொடி உதவும், அதில் வேலை செய்வது பெரும்பாலும் இண்டோல் பியூட்டிரிக் அமிலம். இது வேரைத் தூண்டும் என்று 1935இல் காட்டியவர்கள் அமெரிக்காவின் பாய்ஸ் தாம்சன் ஆய்வு நிலையத்தில் இருந்த சிம்மர்மேனும் ஃபிராங்க் வில்காக்சனும். புள்ளியியல் படித்தவர்களுக்கு இரண்டாவது பெயர் எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கும், அதே வில்காக்சன்தான், 1945இல் வந்த வில்காக்சன் சோதனைக்குச் சொந்தக்காரர், வேதியியல் படித்தவர். சரி, பொடிக்கு வருவோம். தண்டில் பொடியைத் தடவிவிட்டுத் தண்ணீர் பாட்டிலில் போடாதீர்கள், பொடி கழன்று போய்விடும். ஈரக்கலவையில் பென்சிலால் முதலில் குழி போட்டு, அதற்குள் தண்டை இறக்கினால்தான் அது ஒட்டியிருக்கும். தேனும் பட்டைத்தூளும் இதற்கு மாற்று இல்லை, பூஞ்சையைக் கொஞ்சம் தள்ளிவைக்கலாம், வேரைக் கூப்பிடாது. மணி பிளான்டுக்கு இந்தப் பொடியே தேவையில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

கடைசிவரை பாட்டிலிலேயே வைக்க நினைப்பவர்களுக்கு இரண்டு வரி. வெறும் தண்ணீரில் சத்து கிட்டத்தட்ட இல்லை, சில மாதத்தில் இலை சிறுத்து வெளிறும். திரவ உரத்தை லேபிளில் சொன்னதில் கால் பங்கு அளவுக்குக் கரைத்து மாதம் ஒரு தடவை கொடுங்கள், கூட்டினால் பாசிதான் கொழுக்கும். மணி பிளான்ட், சிங்கோனியம், லக்கி பேம்பூ இப்படி வருடக்கணக்கில் நிற்கும். மண்ணுக்கு அனுப்பும் எண்ணமே இல்லை என்றால் வேர் ஒரு முழம் போனாலும் கவலை கிடையாது.

எதில் வைத்தாலும் 21 முதல் 25 டிகிரி சூடு வேருக்குப் பிடிக்கும், குளிர்மாதத்தில் வாரங்களைக் கூட்டிக்கொள்ளுங்கள். இப்போது என் ஜன்னலில் தண்ணீரில் இருப்பது ஒரு மான்ஸ்டெரா, பாட்டிலிலேயே தங்கிவிட்ட இரண்டு சிங்கோனியம். மிச்சமெல்லாம் கலவையில். ரப்பர் செடித்தண்டு ஒன்று மட்டும் பெர்லைட்டில் ஏழு வாரமாக நிற்கிறது. வேர் இன்னும் காணோம், இலையும் உதிரவில்லை, எடுத்துப் போட மனசு வரவில்லை.